ஆடிட் பூட்டு

மிஷினை ஓட்டிவிட்டது தன் தம்பி மயில்சாமிதான் என்று தெரிந்ததும் கலைமகள் காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள். ஆஸ்பத்திரி வாசல் என்று பார்க்கவில்லை. நாலு பேர் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை. ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகைத் தூணோரம் குத்தவைத்திருந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி, முதுகிலும் தோளிலும் மாறி மாறிப் போட்டாள். அவன் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. சட்டை முழுக்க ரத்தம். அவளுடைய கணவன் வேல்குமாரின் ரத்தம்.

“கண்ணு அவிஞ்சு போச்சாடா உனக்கு? மாமன் கை உள்ள இருக்கறது தெரியலியா?”

“தெரியலீக்கா. வண்டி மறைச்சுட்டு நின்னுச்சு. கேட்டுப்போட்டுத்தாங்க்கா போட்டேன்.”

“ஆரக் கேட்ட?”

“போடட்டுமான்னு கத்துனேன். போடுன்னு சத்தம் வந்துச்சு.”

“ஆரு சொன்னா போடுன்னு?”

யார் சொன்னது என்று மயில்சாமிக்கே தெரியவில்லை.

கூட வந்திருந்த வெள்ளையம்மாள்தான் கலைமகளை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்தாள். சிவகங்கைப் பக்கத்துக்காரி. இருவரும் கம்பெனியில் ஒரே செக்கிங் டேபிளில் எதிரெதிராக நிற்கிறவர்கள்.

“விடுடி. அவன் முழியப் பாரு. உசுரில்லாமத்தான் நிக்கிறான். மேல போயி ஒம் புருசனப் பாரு.”

“சாகட்டும். இவன் கையில சோறு தின்னுட்டுத் திரியட்டும், அவரு கையில்லாமக் கெடக்கட்டும்.” செருப்பை அவன் மேலேயே வீசிவிட்டு, ஒற்றைச் செருப்போடு படியேறினாள்.

குன்னத்தூர்ப் பக்கம் காட்டுவேலை ஓய்ந்து சும்மா கிடந்த மயில்சாமியைத் திருப்பூருக்குக் கூட்டிவந்து இதே கம்பெனியில் சேர்த்துவிட்டதே வேல்குமார்தான். சாயப்பட்டறையில் வேலையைக் கற்றுக்கொடுத்து, மூன்று வேளையும் தன் வீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடவும் வைத்தான். மாமன் மச்சான் என்றால் அப்படி ஓர் ஒட்டு. ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் எலும்பைத் தேடி மச்சான் தட்டில் வைப்பான். அந்தக் கையைத்தான் மச்சான் மிஷினுக்குக் கொடுத்துவிட்டான்.

நடந்தது இவ்வளவுதான். கருநீலச் சாயம் ஏறி வந்த துணி ஸ்க்வீசரில் சுற்றிக்கொண்டது. ஸ்க்வீசர் என்பது ஈரத்துணியை இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிழியும் மிஷின். துணி வெளியே வராமல் உருளையிலேயே சுருண்டுவிட்டால் ஃபிட்டர் வந்து அறுத்தெடுக்க வேண்டும். ஃபிட்டரான வேல்குமார் சுவிட்சுப் பேனலில் மெயினை அணைத்துவிட்டு மிஷினுக்குப் பின்பக்கம் குனிந்து, உருளைக்குள் கைவிட்டு அறுத்துக்கொண்டிருந்தான். பேனலுக்கும் அவனுக்கும் நடுவில் துணி ஏற்றிய தள்ளுவண்டிகள் ஆளுயரத்துக்கு நின்றன. மயில்சாமி சாப்பிட்டுவிட்டு வந்தான். மெயின் அணைந்து கிடந்தது. கரண்ட் போய் வந்தால் அது தானாக விழுவது அங்கே வழக்கம். போடட்டுமா என்று கத்தினான். வண்டிகளுக்கு அந்தப் பக்கமிருந்து போடு என்று வந்தது. மெயினைத் தூக்கிவிட்டு, பேனலிலேயே இருந்த பச்சைப் பட்டனையும் அழுத்தினான்.

அந்தப் ‘போடு’ ஓர் ஒடிசாக்காரனுடையது. துணிக்கட்டை வண்டியில் போடச் சொல்லி எதிரில் நின்ற ஆளிடம் அவன் சொன்னது. திருப்பூருக்கு வருகிற வடக்கத்தி ஆட்கள் முதலில் கற்றுக்கொள்ளும் தமிழ்ச் சொல் அதுதான். ஆனால் இதெல்லாம் பிற்பாடு தெரியவந்தது. அன்றைக்குக் கலைமகளுக்குத் தெரிந்ததெல்லாம் தம்பி பட்டனை அழுத்தினான் என்பது மட்டும்.

மேலே வேல்குமாரைக் கட்டிலில் சாய்த்திருந்தார்கள். முகம் வெளுத்துப்போயிருந்தது. வலது கை முழங்கை வரை வெள்ளைத் துணிப் பொதியாகக் கிடந்தது. பொதியின் அடிப்பக்கம் சிவந்துகொண்டே வந்தது. ஆடிக்காற்று ஜன்னல் கதவைப் படபடவென்று அடித்தது.

ஒரு நர்ஸ் வந்து கேட்டாள். “உங்க பேரு சொல்லுங்க. அப்பா பேரு? எந்தக் கை?”

“வேல்குமார்ங்க. ஆறுமுகம்ங்க. சோத்துக் கைங்க.”

கொஞ்ச நேரத்தில் மயக்கம் கொடுக்கிற டாக்டர் வந்தார். அவரும் அதையே கேட்டார். அப்புறம் ஆப்பரேஷன் செய்கிற டாக்டர் வந்து அதையே கேட்டு, மையூறிய பேனாவால் வலது முழங்கைக்கு மேலே பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டார். அதற்குப் பின்னும் தியேட்டரிலிருந்து வந்த இன்னொரு நர்ஸ், “பேரு சொல்லுங்க. அப்பா பேரு? எந்தக் கை?” என்று ஆரம்பித்தபோது கலைமகளுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு? எந்தக் கைன்னு பாத்தாத் தெரியலையா? ரத்தம் சொட்டிட்டு இருக்குது. வந்தவிய போனவிய எல்லாம் பேரென்ன பேரென்னன்னு. கல்யாணத்துக்கா பேரு கேக்கறீங்க? உள்ள கொண்டுபோயிப் பாக்கறத உட்டுப்போட்டு!”

அந்த நர்ஸின் பெயர் இந்துமதி என்று சட்டையில் குத்தியிருந்தது. கோபப்படவில்லை. “கேக்காம உள்ள கொண்டுபோக மாட்டோம்மா. நீங்க திட்டிக்கிட்டே இருங்க, நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்” என்றாள். வேல்குமார் கண்ணைத் திறக்காமலே மறுபடி ஒப்புவித்தான்.

அதற்குள் போன் அடித்தது. இந்துமதி காதில் வைத்துக்கொண்டு, “வேல்குமார், ஆறுமுகம் மகன். ரத்த அளவு எட்டு. எட்டுன்னு சொன்னீங்க, எட்டுன்னு எழுதிக்கிறேன். சரியா? சரின்னு சொல்லுங்க” என்றாள். இந்தப் பொம்பளைக்குக் காதும் கேட்காது போலிருக்கிறது என்று கலைமகள் பல்லைக் கடித்தாள்.

ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். கீழேயிருந்து ஓர் ஆள் பையை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தான். இந்துமதி இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டாள். ஒருத்தி பையில் இருந்ததைச் சத்தமாக வாசிக்க, மற்றவள் வேல்குமாரின் இடது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள்.

“வேல்குமார்.”

“வேல்குமார். சரி.”

“தகப்பனார் பழனியப்பன்.”

அந்த நர்ஸ் நிமிர்ந்தாள். “இல்ல. ஆறுமுகம்.”

பெண்கள் வார்டுக்கு அந்தப் பக்கம் விபத்தில் அடிபட்ட இன்னொரு வேல்குமார் கிடந்தான். முருகன் பேர் வைக்காத வீடு இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏது? பை அவனுடையது. ரத்த வகையும் வேறு.

பையைக் கொண்டுவந்தவனை இப்போது அறையப் போகிறார்கள், சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்று கலைமகள் நினைத்தாள். இந்துமதி பையை அவன் கையில் திரும்பக் கொடுத்து, “பேரு ஒண்ணா இருக்குண்ணா. அப்பா பேரு பாத்து எடுத்துட்டு வாங்க” என்றாள். அவன், “நல்லவேளை சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு ஓடினான். அவ்வளவுதான்.

“அவ்வளவுதானா?” கலைமகள் கத்தினாள். “அடுத்தவன் ரத்தத்த ஏத்தியிருப்பீங்களே! அந்த ஆள ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?”

“ஏத்தலியேம்மா.”

“ஏத்தியிருந்தா?”

“அதுக்குத்தாம்மா ரெண்டு பேரு, வாயத் தெறந்து சத்தமா. அந்த அண்ணன் காலையிலருந்து ஓடிக்கிட்டிருக்காரு. தப்பு வரும். எனக்கும் வரும். வந்தாலும் உங்க வீட்டுக்காரர் ஒடம்புக்குள்ள போகக்கூடாது, அவ்வளவுதான்.” சொல்லிக்கொண்டே அவள் கட்டிலைத் தள்ளினாள். தியேட்டர் கதவு மூடும் முன்பு உள்ளே மறுபடி யாரோ, “பேரு? எந்தக் கை?” என்று கேட்டது காதில் விழுந்தது. இம்முறை கலைமகளும் வாய்க்குள்ளேயே பதில் சொன்னாள்.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தங்கின.

வீட்டுக்கு வந்த பிறகு மாமியார் குப்பாயி ஆட்டம் தொடங்கியது. லைன் வீட்டில் ஒருவர் பேசினால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். குப்பாயி ஊருக்கே கேட்கட்டும் என்றுதான் பேசினாள்.

“என்ற மகன் கையத் தின்னவன் இந்த வாசப்படி மிதிச்சான்னா நான் மண்ணெண்ணெய ஊத்திக்குவேன். சொல்லிப்போட்டேன். சோறு போட்டு வளத்துனதுக்குக் கைய எடுத்துட்டான். தாயில்லாத புள்ளைன்னு பாத்ததுக்கு நல்லாச் செஞ்சான்.”

கலைமகளும் அதே எண்ணத்தில்தான் இருந்தாள். மயில்சாமி பொழுதோடு இளநீர் வாங்கிக்கொண்டு வருவான், சந்துமுனையில் நிற்பான், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புவான். கலைமகள் அதை வாங்கி அப்படியே சாக்கடையில் கவிழ்ப்பாள். ஒரு நாள் அவன் பார்க்கவே கவிழ்த்தாள்.

வேல்குமார் மட்டும் சத்தம் போடவில்லை. அது அவளை இன்னும் எரித்தது. அரிசியும்பருப்புஞ் சோற்றை இடது கையால் அள்ளத் தெரியாமல் நெஞ்செல்லாம் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊட்டிவிடப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “பழகிக்கறேன். உடு” என்பான். ஒருதரம் மட்டும், “மயிலு சாப்பிட்டானான்னு ஆராச்சும் கேட்டீங்களா?” என்றான். குப்பாயி எழுந்து வெளியே போய்விட்டாள்.

முதலாளி நாச்சிமுத்து பழக்கூடையோடு வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியைக் கைமடித்துக் கொடுக்கும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். அடிபட்ட சேதி கேட்டு ஆஸ்பத்திரிக்குத் தானே கார் ஓட்டி வந்தவர்.

“வேலு, வெசனப்படாத. கம்பெனி உன்னைய உட்றாது. நானும் மிஷின்ல நின்னவந்தான். இத பாரு,” என்று முன்கையில் ஒரு தழும்பைக் காட்டினார். “கவனம் தப்புச்சுன்னா மிஷினு ஆரையும் பாக்காது. அந்தப் பையனை நிறுத்திப்போட்டேன். போலீஸ்லயும் அவம் பேரத்தான் சொல்லியிருக்குது. ரெண்டு நாள்ல விசாரணைக்கு வருவாங்க. அவன் கவனமில்லாமப் போட்டான்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த சொன்னாப் போதும். அம்மிணி, நீயும் வேலைக்கு வா. ஊட்டுலயே உக்காந்திருந்தா மனசு கெட்டுப் போயிரும்.”

கலைமகளுக்கு நெஞ்சில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அவனுக்கு வேண்டும்தான் என்று நினைத்தாள்.

வேல்குமார் கேட்டான். “அவன் எடத்துக்கு ஆருங்க?”

“புதுசா ஒரு ஆளு. ஒடிசாக்காரன். சூட்டிப்பான பையன்.”

“அவனும் ‘போடட்டுமா’ன்னு கத்தித்தானுங்க போடுவான்?”

நாச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. “கவனமாப் போடுவான். சொல்லியிருக்குது.”

“மயிலும் கவனமான ஆளுதானுங்க. மேனேஜர்கிட்ட நான் முன்னாலயே ஒரு பூட்டுக் கேட்டேன். மெயினை அணைச்சுப்போட்டு அதுல மாட்டறதுக்கு. சாவி என்ற பாக்கெட்ல இருக்கும். நான் வெளிய வந்து தொறந்தாத்தான் மிஷின் ஓடும். கேட்டதுக்கு, ‘தொலைச்சுப்புடுவீங்கப்பா, அடுத்த ஆடிட்டுக்கு நான் எங்க போவேன், அதுவுமில்லாம பேனலையே மாத்தணும், பெரிய வேலை’ன்னாரு.”

“அட, அது வெளிநாட்டுக்காரனுக்குக் காட்டறதுக்கு வாங்குனது வேலு,” என்று நாச்சிமுத்து சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு கலைமகள் வாசலிலேயே நின்றாள். அந்தப் பூட்டுகளை அவளுக்குத் தெரியும். கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஆடிட் என்று, பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் சோதிக்க வருகிற அன்று கம்பெனி கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். முகத்துக்கு மாஸ்க், கழுத்துக்கு அட்டை. மேனேஜர் ராஜபாண்டி ஒவ்வொரு டேபிளாக வந்து, கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். பேனல் கதவுகளில் சும்மா சிவப்புப் பூட்டுகள் தொங்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் அட்டை. போட்டோ எடுப்பார்கள். கார் கேட்டைத் தாண்டியதும் பூட்டுகள் ஆபீஸ் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பிவிடும், ஏற்றுமதிக் கேடயங்களுக்குப் பக்கத்தில்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். டேபிளில் நின்று பனியனை விரித்தாள். லைட்டுக்கு நேரே பிடித்தாள். கடுகளவு ஓட்டை இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கினாள். அவள் பார்த்ததை அயர்னுக்குப் பிறகு இன்னொருத்தி பார்ப்பாள். அவள் பார்த்ததைப் பெட்டியில் போடும் முன் இன்னொருத்தி பார்ப்பாள். தையல் லைனில் ஏதோ சத்தம். ஒரு டெய்லருக்கு ஊசி முறிந்திருந்தது. முறிந்த ஊசியின் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து அட்டையில் ஒட்டிக் காட்டினால்தான் அடுத்த ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை. லைனையே நிறுத்திவிட்டுக் காந்தத்தை வைத்துத் தரையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் முட்டிபோட்டுத் தேடினாள்.

“எதுக்கு வெள்ளையம்மா தேடறாங்க?” என்றாள் கலைமகள்.

வெள்ளையம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “இதென்னடி கேள்வி. உடுப்புக்குள்ள போயிட்டா எந்த ஊருப் புள்ளையவாவது குத்திப்புடும்ல.”

“குத்தும். குத்தும்.” கலைமகள் பனியனைக் கீழே வைத்தாள். “அந்தப் புள்ளைக்கு ஊசி குத்தாம இருக்கறதுக்கு லைனையே நிறுத்தறாங்க. தப்பு வரும்னு தெரிஞ்சுதான வெச்சிருக்காங்க இத்தன பேர? தெரியாமயா?”

அவள் கம்பெனிக் கட்டடத்தின் மேற்குப் பாதிக்கு நடந்தாள். வெள்ளையம்மாள் பின்னாலேயே வந்தாள். சாயப்பட்டறையில் ஆவி கண்ணை மறைத்தது; தரை முழுக்க வெதுவெதுவென்று தண்ணீர். ஸ்க்வீசர் நின்றுகொண்டிருந்தது. தள்ளுவண்டிகள் அதே இடத்தில், அதே உயரத்தில் நின்றன. பேனலில் மெயின் கீழே விழுந்து கிடந்தது. யாரும் இல்லை. கலைமகள் வண்டிகளைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தாள். வயசான ஃபிட்டர் சுப்பையன் குனிந்து உட்கார்ந்து, இரண்டு கைகளும் முழங்கை வரை உருளைக்குள் விட்டிருந்தார்.

கலைமகள் ஓடிவந்து பேனலின் மேல் முதுகை ஒட்டி நின்றாள். அதற்குள் புது ஆள் பீடியைக் காலில் தேய்த்துவிட்டு வந்தான். “அக்கா, தள்ளு. போடணும்.”

“போட்டுப் பாரு. என்னையக் கொன்னுபோட்டுப் போடு.”

சத்தம் கேட்டு மேனேஜர் ராஜபாண்டி வந்தார். மதுரைக்காரர், கத்தினால் மிஷின் இரைச்சலுக்கு மேலே கேட்கும்.

“என்னம்மா இது? செக்கிங் ஆளுக்கு இங்க என்ன வேலை? தள்ளு அங்கிட்டு. லோடு நிக்குது.”

“சுப்பையண்ணன் கை உள்ள இருக்குது.”

“இருந்தா இருக்கட்டும். எடுத்ததும் சொல்லுவார்ல, அப்புறம் போடுவாங்க.”

“ஆரு சொல்லுவா? போடுன்னு ஆரு சொன்னாலும் போட்டுருவாங்க. என்ற தம்பிக்கும் ஆரோ சொன்னாங்க.” அவள் பேனலோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். “அலமாரில இருக்கற பூட்டைக் கொண்டாங்க. மாட்டிப்போட்டுச் சாவிய சுப்பையண்ணன்கிட்டக் குடுங்க. நான் போறேன்.”

“அலமாரி பூட்டியிருக்கு. சாவி ஆபீஸ் பொண்ணுகிட்ட. அவ கோயமுத்தூர் போயிருக்கா.”

கலைமகள் சிரித்தாள். சிரிப்பு அழுகை மாதிரி வந்தது. “பூட்டைப் பூட்டி வெச்சிருக்கீங்களா? பூட்டுக்குப் பூட்டுப் போடத் தெரியுது உங்களுக்கு. மனுசன் கைக்குப் போடத் தெரியல.”

ராஜபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வெள்ளையம்மாள் அங்கே இல்லை என்பது தெரிந்தது. ஆபீஸ் பக்கம் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையம்மாள் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். சிவப்புப் பூட்டுகள், மஞ்சள் அட்டைகள், சாவிகள்.

“எப்புடி எடுத்த?” என்றார் ராஜபாண்டி.

“கண்ணாடி ஒடஞ்சிருச்சு சார்” என்றாள் அவள். கேடயம் ஒன்றும் அவள் கையில் இருந்தது. அதை அவரிடம் கொடுத்தாள்.

நாச்சிமுத்து வருவதற்குள் பாதிக் கம்பெனி அங்கே கூடிவிட்டது. ஈரக்கையோடும் கத்தரிக்கோலோடும் நின்றார்கள். சுப்பையன் கைகளை உருவிக்கொண்டு எழுந்து வந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு பூட்டுக்கா அம்மிணி இத்தன கலாட்டா?” என்றார் நாச்சிமுத்து. கோபத்தைவிட அதிசயம்தான் அவர் குரலில் இருந்தது.

“ஒரு பூட்டுத்தானுங்க மொதலாளி. அதத்தான் நானும் கேக்கறேன். ஒரு பூட்டுத்தான? கவனம் கவனம்கறீங்களே, என்ற ஊட்டுக்காரர மாதிரிக் கவனமான ஆளு இந்தக் கம்பெனில ஆருங்க? அவருக்குத்தான் போச்சு. பனியனுக்கு ஓட்டை உழுந்தா நாலு பேரு பாக்கறோம். ஊசி முறிஞ்சா லைனை நிறுத்தறீங்க. எங்க மேல நம்பிக்கை இல்லாமயா வெச்சீங்க அதையெல்லாம்? மனுசன்னா தப்பு வரும்னு வெச்சீங்க. அந்த நெனப்பு இந்தப் பக்கம் வரும்போது எங்கீங்க போச்சு?”

“சரி அம்மிணி, கத்தாத.”

“கத்துவேன். நாளைக்கு விசாரணைல என்ற தம்பி தப்புன்னு சொல்லச் சொன்னீங்க. சொல்ல மாட்டேன். அவன் அழுத்தாட்டி இவன் அழுத்துவான், இவன் அழுத்தாட்டி நீங்க அழுத்துவீங்க. பூட்டு அலமாரில இருந்துச்சுன்னு சொல்லுவேன். எல்லாரும் பாத்தோம்னு சொல்லுவேன்.”

நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். உடைந்த அலமாரியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சரி, மாட்டுங்க” என்றார். “இனி எல்லா பேனலுக்கும் மாட்டுங்க. ராஜபாண்டி, பாத்துக்கங்க. ஃபிட்டருக்கு ஒண்ணுன்னு கையிலயே குடுத்துருங்க. அந்த மயில்சாமியையும் வேலைக்கு வரச் சொல்லுங்க.” சொல்லிவிட்டு கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போய்விட்டார்.

கலைமகள் விலகி நிற்க, சுப்பையன் பூட்டை வாங்கி, மெயின் கைப்பிடியில் ஏற்கெனவே இருந்த துளையைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, அதில் கொக்கியை விட்டு அமுக்கினார். மிஷின் செய்தவன் அந்தத் துளையை வைத்தே அனுப்பியிருந்தான். இத்தனை காலமும் பெயிண்ட் அடைத்துக் கிடந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உருளைக்குத் திரும்பினார். புது ஆள் ஒருதரம் மெயினை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

கலைமகளும் வெள்ளையம்மாளும் செக்கிங் டேபிளுக்குத் திரும்பினார்கள்.

விசாரணையில் அவள் சொன்னபடியே சொன்னாள். மயில்சாமி பெயரை வழக்கிலிருந்து நீக்கினார்கள். வேலைக்கும் வந்தான், ஆனால் ஸ்க்வீசருக்குப் போக மாட்டேன் என்று சொல்லி கோடவுனில் துணி இறக்கினான். தம்பி மேல் தப்பில்லை என்று ஊரறியச் சொன்னவளால் அவன் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. பார்த்தால் அந்த ரத்தச் சட்டைதான் கண்ணில் நின்றது. அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேல்குமார் தானே சந்துமுனைக்குப் போய், இடது கையால் மச்சான் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டான். குப்பாயி மண்ணெண்ணெய் ஒன்றும் ஊற்றிக்கொள்ளவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். கலைமகள் தம்பிக்கும் தட்டு வைத்தாள். அவனைப் பார்க்காமல் கறிக்குழம்பை ஊற்றினாள்.

“பூட்டெல்லாம் மாட்டிட்டாங்களா?” என்றான் வேல்குமார்.

“மாட்டிட்டாங்க.”

“எப்புடி மாட்டறாங்க? பேனல மாத்தணும், பெரிய வேலைன்னு சொன்னாரே மேனேஜரு.”

“ஒரு வேலையும் இல்லீங்க. தொளை இருந்துச்சு. சுப்பையண்ணன் கொக்கிய உட்டு அமுக்குனாரு. டக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

வேல்குமார் கையில் இருந்த சோற்றுருண்டை அப்படியே நின்றது. “அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

அவன் தட்டைப் பார்த்தான். கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக ஒரு சத்தம் போடாதவன் இடது கையால் தட்டை எடுத்துச் சுவரில் வீசினான். சோறும் குழம்பும் சுவரெல்லாம் வழிந்தன. தண்ணீர்ச் சொம்பை எடுத்தான், அதையும் வீசினான். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, வார்த்தையாக இல்லை.

குப்பாயி எழுந்து மகனைப் பிடிக்க வந்தாள். “உடுங்கத்தே, இப்பவாச்சும் கத்தட்டும்” என்றாள் கலைமகள். மயில்சாமி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு அவள் முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்து, அவன் முன்னால் இருந்த தட்டை எடுத்துக் கணவனின் இடது கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

“எறியுங்க” என்றாள். “இதையும் எறியுங்க.”